கல்லீரலில் அடைப்பு, இரைப்பையில் கசிவு

சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ள ஒருவருக்கு எண்டோஸ்கோப்பி முடிந்ததும் கையில் ஓர் அறிக்கை தருவார்கள். உணவுக்குழாய் பற்றி ஓரிரு வரி, இரைப்பை பற்றி ஓரிரு வரி. இரைப்பைக்கு நேரே பல அறிக்கைகளில் "போர்ட்டல் ஹைப்பர்டென்சிவ் கேஸ்ட்ரோபதி" என்று இருக்கும். சுருக்கமாகப் பிஎச்ஜி. வீட்டில் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கு கேஸ்ட்ரிக்காம்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மறுநாளே மருந்துக்கடையிலிருந்து கேஸ்ட்ரிக் மாத்திரை வந்துவிடும். குழம்பில் காரம் நின்றுவிடும். மூன்று வேளையும் கஞ்சி.

சிங்கப்பூரில் எண்டோஸ்கோப்பி அறையில் தாதியாக இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன். அக்கறையோடு செய்கிறார்கள், ஆனால் அந்த அக்கறை தவறான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அறிக்கையில் எழுதியிருப்பது இரைப்பையில் தோன்றிய நோய் இல்லை. கல்லீரலில் ஏற்பட்ட அடைப்பின் அழுத்தம் இரைப்பையில் வந்து தெரிகிறது, அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் எந்த மாத்திரை வேண்டும், எது வேண்டாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கும். அதனால் வயிற்றை விட்டுவிட்டுக் கல்லீரலிலிருந்து தொடங்குகிறேன்.

ரத்தம் போகும் பாதை

உடம்பின் மற்ற இடங்களிலிருந்து திரும்பும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போகும். வயிற்றுப் பகுதியில் அப்படி இல்லை. இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், கணையம், மண்ணீரல் எல்லாவற்றிலிருந்தும் வரும் ரத்தம் முதலில் ஒரே தடித்த குழாயில் சேர்கிறது. அதுதான் போர்ட்டல் சிரை. மண்ணீரலிலிருந்து வரும் சிரையும் குடலிலிருந்து வரும் பெரிய சிரையும் கணையத்தின் பின்புறம் ஒன்றுகூடி இந்தக் குழாய் பிறக்கிறது. அது நேரே கல்லீரலுக்குள் நுழைந்து பல்லாயிரம் நுண்குழாய்களாகப் பிரிகிறது. சாப்பாட்டின் சத்தையும், குடலிலிருந்து வரும் கழிவையும், விழுங்கிய மருந்தையும் கல்லீரல் அங்கேதான் கையாள்கிறது. கல்லீரலுக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் வருகிறது. அதில் முக்கால் பங்கு இந்தச் சிரை கொண்டுவருவது.

இதில் நினைவில் வைக்கவேண்டியது அழுத்தம். கையில் பட்டை கட்டி அளக்கும்போது 120க்கு 80 என்று வருகிறதே, அது தமனி அழுத்தம். போர்ட்டல் சிரையில் அழுத்தம் 5 முதல் 10 மில்லிமீட்டர் பாதரசம்தான். ரத்தம் அங்கே தள்ளப்பட்டு ஓடுவதில்லை, மெல்ல நழுவிப் போகிறது. கல்லீரல் மிருதுவாக இருக்கும்வரை இந்தச் சிறிய அழுத்தமே போதும்.

சிரோசிஸில் அந்த மிருதுத்தன்மைதான் போய்விடுகிறது. மஞ்சள் காமாலைக் கிருமி, மது, கொழுப்பு என்று காரணம் எதுவானாலும், பல ஆண்டுகள் அடிபட்டு அடிபட்டு ஆறிய கல்லீரல் முழுதும் தழும்பாகிவிடும். தழும்புகளுக்கு இடையே சிறு சிறு முடிச்சுகள் எழும். நுண்குழாய்கள் நசுங்கும். உள்ளே வரும் ரத்தத்துக்கு வழி குறுகிவிடும். இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. அடைப்பு ஏற்பட்டதும் குடல் பக்கத்து ரத்தக்குழாய்கள் நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருள்களால் விரிந்துகொள்கின்றன. ஆகவே முன்னைவிட அதிக ரத்தம் போர்ட்டல் சிரைக்கு வருகிறது. வெளியேறும் வழி குறுகுகிறது, உள்ளே வரும் அளவு கூடுகிறது.

பொது விடுமுறைக்கு முந்தைய மாலையில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நினைத்துப் பாருங்கள். ஜொகூருக்குப் போகும் வண்டிகள் அங்கே தேங்கினால், வரிசை புக்கிட் தீமா விரைவுச்சாலைவரை நீளும். சிலர் வளைந்து துவாஸ் இரண்டாம் இணைப்புக்குப் போவார்கள். மார்சிலிங் பக்கத்துச் சின்னச் சாலைகளிலும் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சாலைகளில் எந்தப் பழுதும் இல்லை. அங்கே தார் போட்டுப் பயனும் இல்லை. தடை சாவடியில் இருக்கிறது. கல்லீரல்தான் அந்தச் சாவடி. வளைந்து போகும் ரத்தம் உணவுக்குழாயின் அடியில் உள்ள சிரைகளைப் புடைக்க வைக்கிறது. அவற்றை வேரிசஸ் என்பார்கள். முட்டிக்கொண்டு நிற்கும் ரத்தம் இரைப்பையின் உட்சுவரை வீங்க வைக்கிறது, அதுதான் பிஎச்ஜி. மண்ணீரலிலும் ரத்தம் தேங்கி அது பெருத்துப்போகும், ரத்தத் தட்டணுக்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிரோசிஸ் உள்ளவருக்குப் பிளேட்லட் குறைவதற்கு இது முக்கியக் காரணம்.

மருத்துவர்கள் இந்த அழுத்தத்தை எண்ணால் சொல்வதுண்டு. கழுத்துச் சிரை வழியாக மெல்லிய குழாயைக் கல்லீரலுக்குள் செலுத்தி, கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளப்பார்கள். இந்த வித்தியாசம் 1 முதல் 5 மில்லிமீட்டர்வரை இருந்தால் இயல்பு. 10ஐத் தொட்டால் வேரிசஸ் உருவாகத் தொடங்கும். 12ஐத் தாண்டினால் அவை வெடித்து ரத்தம் கொட்டும் ஆபத்து உண்டு. எல்லாருக்கும் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. ஃபைப்ரோஸ்கேன் என்னும் கருவியால் வெளியிலிருந்தே கல்லீரலின் இறுக்கத்தை அளக்கிறார்கள். அது 20 கிலோபாஸ்கலுக்குக் குறைவாகவும் பிளேட்லட் 150,000க்கு மேலாகவும் இருந்தால், வேரிசஸ் தேடுவதற்கென்று உடனே எண்டோஸ்கோப்பி தேவைப்படாது.

திரையில் தெரிவது

தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்போம். கசக்கும், சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். இடப்பக்கமாகப் படுக்கவைத்து, பல்லுக்கிடையே ஒரு வளையத்தைப் பொருத்தி, தூக்க ஊசி போட்ட பிறகு சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் உள்ளே போகும். முதலில் உணவுக்குழாய். வேரிசஸ் இருந்தால் நீலம் கலந்த புடைப்புகள் நெடுக ஓடுவது தெரியும். வாயிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் போனதும் இரைப்பை திறக்கும்.

நல்ல இரைப்பையின் உட்சுவர் ஒரே சீரான இளஞ்சிவப்பில் பளபளவென்று இருக்கும். பிஎச்ஜி உள்ள இரைப்பையில், காற்றைச் செலுத்தி விரித்ததும், சுவர் முழுதும் மெல்லிய வெண்கோடுகளால் கட்டம் போட்டாற்போல் தெரியும். ஒவ்வொரு கட்டமும் லேசாக உப்பி நடுவில் சிவந்திருக்கும். பாம்புத்தோல் போன்ற தோற்றம் என்றே மருத்துவப் புத்தகங்கள் சொல்கின்றன. இரைப்பையின் மேற்பகுதியிலும் நடுப்பகுதியிலும்தான் இது அதிகம்; அதனால் மருத்துவர் குழாயின் நுனியை மேல்நோக்கித் திருப்பி, கூரைப்பகுதியையும் பார்ப்பார். கட்டங்கள் மட்டும் இருந்தால் லேசான நிலை. கட்டங்களின் மேல் செம்புள்ளிகள், கருஞ்சிவப்பு மொட்டுகள், ரத்தம் உறைந்த பழுப்புக் கறைகள் இருந்தால் கடுமையான நிலை. கடுமையான நிலையில் ஒன்றைப் பார்க்கலாம்: தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், சுத்தமான அதே இடத்தில் சிவப்பு மறுபடி ஊறும். வெட்டுக்காயம் மாதிரி கொட்டாது, ஒரு புள்ளியைக் காட்டி இங்கிருந்துதான் என்றும் சொல்ல முடியாது. சுவரே வியர்ப்பது போல இருக்கும்.

சிரோசிஸ் உள்ளவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு பெரிது. 20 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடுவரை எழுதியிருக்கிறார்கள். நோய் எவ்வளவு முற்றியவர்களை எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆனால் பெரும்பாலோருக்கு லேசான நிலைதான். வயிற்று வலி, நெஞ்செரிச்சல் என்று இதனால் எதுவும் வராது. ஒருவருக்கு அந்தத் தொல்லைகள் இருந்தால் அவற்றுக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

முன்பு மருத்துவர்களே இதை இரைப்பை அழற்சி என்றுதான் நினைத்தார்கள். 1985இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு, இப்படிப்பட்ட இரைப்பைகளின் திசுவை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தது. அழற்சி அணுக்கள் குவிந்திருக்கவில்லை. மாறாக உட்சுவரிலும் அதற்கு அடியிலும் உள்ள நுண்குழாய்கள் ரத்தத்தால் விரிந்து புடைத்திருந்தன. அமிலம் அரித்ததோ கிருமி தொற்றியதோ இல்லை, ரத்தத் தேக்கம். ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமி ஒருவரிடம் இருந்தால் அதற்கு மருத்துவம் செய்வார்கள். ஆனால் அதனால் பாம்புத்தோல் மறைந்துவிடாது.

ஒரு பெரியவர், மகளோடு வந்தவர், படுக்கையில் ஏறும்போதே கேட்டார்: "மிஸ்ஸி, ரொம்ப நாளா கேஸ்ட்ரிக் மாத்திர போடுறேனே, ஏன் ரத்தம் ஏற மாட்டேங்குது?"

"அங்கிள், உங்க வயித்துல ஆசிட் பிரச்சன இல்ல. கல்லீரல்ல வழி அடைச்சிருக்கு, அதனால வயித்துல ரத்தம் தேங்கி கசியுது. அந்த மாத்திர ஆசிட்டத்தான் கொறைக்கும், அழுத்தத்த கொறைக்காது."

மகள் கேட்டார்: "அப்ப நிப்பாட்டிடலாமா, சிஸ்டர்?"

"டாக்டர் எழுதிக் கொடுத்ததா இருந்தா அவர கேக்காம நிப்பாட்டாதீங்க. நீங்களா கடையில வாங்குனதா இருந்தா இன்னைக்கே அவர்கிட்ட சொல்லிடுங்க."

அதற்குக் காரணம் உண்டு. உண்மையான புண் இருப்பவருக்கும், வேரிசஸ் வெடிக்காமலிருக்க அதற்கு ரப்பர் பட்டை கட்டியவருக்குச் சில நாளைக்கும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தேவைப்படலாம். தேவையில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் சிரோசிஸ் உள்ளவருக்குத் தீங்குதான். இரைப்பை அமிலம் குடல் கிருமிகளுக்கு ஒரு காவல். அந்தக் காவல் குறைந்தால் சிரோசிஸில் வயிற்றில் கட்டும் நீரில் தொற்று வரும் வாய்ப்பும், மனக்குழப்பம் வரும் வாய்ப்பும் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இன்னொன்று, இரும்புச்சத்து உடம்பில் சேர இரைப்பை அமிலம் வேண்டும். கசிவால் இரும்பை இழந்துகொண்டிருப்பவர், இரும்பு சேரவிடாத மாத்திரையைத் தாமே வாங்கி விழுங்குகிறார்.

யாருக்கும் தெரியாத இழப்பு

பிஎச்ஜியால் குபுகுபுவென்று ரத்த வாந்தி வருவது அபூர்வம். மெதுவான கசிவே வழக்கம், அதில்தான் ஆபத்து. கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து நாம் நாளொன்றுக்குச் சேர்ப்பது 1 முதல் 2 மில்லிகிராம்தான். தினம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலிட்டர் ரத்தம் கசிந்தாலே இரண்டரை மில்லிகிராம் போய்விடுகிறது. வரவைவிடச் செலவு அதிகம். ஆனால் மலம் கறுப்பாக மாறுவதற்கு 50 மில்லிலிட்டருக்கு மேலாவது கசிய வேண்டும். ஆகவே மலத்தில் எதுவும் தெரியாமலே, மாதங்கள் போகப்போக ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டே வரும்.

மின்தூக்கிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார். ஈரச்சந்தைக்குப் போய்வந்தால் மதியம் முழுக்கப் படுக்கை. கால் வீங்குகிறது, முகம் வெளிறுகிறது. "வயசாயிடுச்சில்ல" என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். சிரோசிஸ் உள்ள ஒருவர் இப்படிச் சோர்ந்துகொண்டே வந்தால் வயதின் மேல் பழி போடாதீர்கள். ஆண்களுக்கு 13க்குக் கீழும் பெண்களுக்கு 12க்குக் கீழும் ஹீமோகுளோபின் இறங்கினால் ரத்தசோகை. ஒரே ஒரு சோதனையின் எண்ணைவிட, சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று வரிசையாகப் பார்ப்பது நல்லது. இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை கல்லீரல் நோயாளிக்குக் கண்ணைக் கட்டிவிடும். கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தாலே அது உயர்ந்து காட்டும். அதனால் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் செறிவையும் சேர்த்துப் பார்ப்பார்கள்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் தே தாரிக்கோடு விழுங்கக் கூடாது. தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மாத்திரையால் மலம் கறுக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்; அது கரும்பச்சையாக, கெட்டியாக இருக்கும். ரத்தம் கலந்த மலம் தார் போலக் கறுத்துப் பளபளக்கும், கோப்பையில் ஒட்டும், குமட்டும் நாற்றம் அடிக்கும். ஒரு தடவை அந்த வாடையை அறிந்தவர் மறுபடி ஏமாற மாட்டார். அப்படிக் கண்டால் அடுத்த மருத்துவர் சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது. அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ரத்த வாந்தி, மயக்கம், பேச்சில் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். குடலில் தேங்கிய ரத்தம் செரிக்கும்போது அம்மோனியா கூடும், அதைக் கல்லீரலால் கழிக்க முடியாது. அதனால்தான் ரத்தம் கசிந்த மறுநாள் சிலர் ஆளை அடையாளம் தெரியாமல் பேசுகிறார்கள்.

தங்குவிடுதியில் இருக்கும் நம் ஊழியர்களுக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன். வேலை போய்விடுமோ, செலவாகுமோ என்ற பயத்தில் கறுப்பு மலத்தை மறைக்கிறார்கள். வேலை அனுமதி வைத்திருப்பவருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையிலிருந்து அது ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். மருத்துவமனையில் தங்குவதும் பகல்நேர அறுவைச் சிகிச்சையும் அதில் அடங்கும்.

வலி மாத்திரை

இந்த நோயில் வீட்டிலேயே தடுக்கக்கூடிய கேடு ஒன்று உண்டென்றால் அது வலி மாத்திரைதான். ரத்தம் தேங்கிய உட்சுவருக்கு ஆக்சிஜன் சரியாகக் கிடைப்பதில்லை, சளிப்படலம் மெலிந்துபோகிறது, சிராய்ப்பு ஏற்பட்டால் ஆறத் தாமதமாகும். சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளும் அங்கே குறைவு. ஐபுபுரூஃபன், டைக்லோஃபெனாக், நாப்ரோக்சன், மெஃபனாமிக் அமிலம் போன்றவை இருக்கிற அந்தக் கொஞ்சத்தையும் குறைத்துவிடும். நம் வீடுகளில் முட்டி வலிக்கும் மாதவிடாய் வலிக்கும் போன்ஸ்டான் என்ற மெஃபனாமிக் அமில மாத்திரை இருக்கும். சிரோசிஸ் உள்ளவர் அதைத் தொடவே கூடாது. ரத்தக் கசிவோடு சிறுநீரகமும் கெடும். எட்டோரிகாக்சிப் "வயிற்றுக்கு நல்லது" என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சிறுநீரகத்தை நினைத்தால் அதுவும் வேண்டாம்.

கல்லீரல் நோய்க்குப் பாரசிட்டமால் விஷம் என்று பயந்து பலர் இந்த வலி மாத்திரைகளுக்குத் தாவுகிறார்கள். நேர்மாறாகச் செய்ய வேண்டும். மருத்துவர் சொன்ன அளவில், பொதுவாக நாளுக்கு 2 கிராமுக்கு மிகாமல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நான்குக்கு மேற்படாமல், பாரசிட்டமால்தான் அவர்களுக்குப் பாதுகாப்பு. சளிக்காய்ச்சல் மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முட்டி வலிக்கென்று இணையத்திலும் எல்லை தாண்டியும் வாங்கும் ஜாமுத் தூள், பெயரில்லாத மூலிகை மாத்திரை எதுவும் வேண்டாம். அறிவிக்காத ஸ்டீராய்டும் வலி மருந்தும் கலந்த பொருள்கள் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர் மட்டும் தாமாக நிறுத்தாமல், இதய மருத்துவரையும் கல்லீரல் மருத்துவரையும் கலந்து பேச வைக்க வேண்டும்.

அழுத்தத்தைக் குறைப்பது

லேசான பிஎச்ஜி, கசிவு இல்லை என்றால் அதற்கென்று தனி மருத்துவம் தேவையில்லை. கசிவு இருந்தால் இரும்பும், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரையும். புரோப்ரனலோல், கார்வெடிலோல் இரண்டும் அதிகம் பயன்படுபவை. இதயம் தள்ளும் ரத்தத்தைச் சற்றுக் குறைத்து, குடல் பக்கத்துத் தமனிகளையும் சுருக்குவதால் போர்ட்டல் சிரைக்குள் வரும் ரத்தம் குறைகிறது.

இங்கே ஒரு தகராறு நேர்கிறது. மருந்துப்பையில் இருக்கும் இது ரத்த அழுத்த மாத்திரை என்று கேள்விப்படுகிறார்கள். "எனக்குத்தான் பிரஷரே இல்லையே" என்று நிறுத்திவிடுகிறார்கள். கையில் அளக்கும் பிரஷருக்காக இதைக் கொடுப்பதில்லை, கல்லீரல் குழாயின் அழுத்தத்துக்காகக் கொடுக்கிறார்கள். திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். புரோப்ரனலோல் எடுப்பவரின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 55 முதல் 60வரை இருக்குமாறு அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். மேல் அளவு ரத்த அழுத்தம் 90க்குக் கீழே போனாலோ, தலை சுற்றினாலோ மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நீரிழிவுக்கு ஊசி போடுபவர்கள் கவனம்: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

வேரிசஸுக்கு ரப்பர் பட்டை கட்டிய பிறகு பிஎச்ஜி கூடியிருக்கிறதே என்று சிலர் குழம்புவார்கள். பட்டை ஒரு வடிகாலை அடைக்கிறது. அங்கே போன ரத்தத்தின் ஒரு பகுதி இரைப்பைச் சுவருக்குத் திரும்பலாம். அதற்காகப் பட்டை கட்டாமல் இருக்க முடியாது, வேரிசஸ் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

திடீர்க் கசிவு வந்தால் மருத்துவமனையில் டெர்லிபிரெசின், ஆக்ட்ரியோடைடு போன்ற ஊசிகளால் போர்ட்டல் அழுத்தத்தைத் தணிப்பார்கள்; தொற்றைத் தடுக்க ஆன்டிபயாட்டிக்கும் போடுவார்கள். உறவினர்கள் "இன்னும் ரெண்டு பாக்கெட் ரத்தம் ஏத்துங்க" என்று கெஞ்சுவதைக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனால்தான் ஏற்றி, 7க்கும் 8க்கும் நடுவில் நிறுத்திக்கொள்வது வழக்கம். அதிகம் ஏற்றினால் சிரையின் அழுத்தமும் ஏறிக் கசிவு கூடும். மருந்துக்கும் அடங்காவிட்டால், கழுத்துச் சிரை வழியாகக் கல்லீரலுக்குள்ளேயே ஒரு ஸ்டென்ட் வைத்துப் புதுவழி திறப்பார்கள். டிப்ஸ் என்பது அதன் பெயர். அழுத்தம் இறங்கும், ஆனால் கல்லீரலைத் தொடாமல் ரத்தம் கடந்துபோவதால் மனக்குழப்பம் வரலாம்.

அறிக்கையில் "கேவ்" என்றோ தர்ப்பூசணி இரைப்பை என்றோ இருந்தால் அது வேறு. இரைப்பையின் அடிப்பகுதியில் செங்கோடுகள் வரிவரியாக ஓடும். சிரோசிஸ் இல்லாதவருக்கும் வரும். அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துக்கோ டிப்ஸுக்கோ அது மசியாது. ஆர்கான் வாயுக் கருவியால் சுடுவதும் பட்டை கட்டுவதும்தான் வழி.

சாப்பாடு

காரம் பிஎச்ஜியை உண்டாக்காது. கஞ்சி அதை ஆற்றாது. வெறும் கஞ்சியில் வாரக்கணக்கில் கிடந்தால் தசை கரையும்; சிரோசிஸில் தசை கரைவது ஆயுளையே குறைக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் வேண்டும். 60 கிலோ இருப்பவருக்கு நாளுக்கு 72 முதல் 90 கிராம். மீன், முட்டை, கோழி, தாவு (சோயாக் கட்டி), பருப்பு, தயிர் என்று எது ஒத்துக்கொள்கிறதோ அது. இரவு படுக்குமுன் ஒரு சிறு சாப்பாடு அவசியம், ஏனென்றால் இந்தக் கல்லீரலால் விடியும்வரை தாங்கும் அளவுக்குச் சர்க்கரையைச் சேமிக்க முடியாது. குறைக்க வேண்டியது உப்பு, முக்கியமாக வயிற்றில் நீர் கட்டியவர்களுக்கு: ஊறுகாய், கருவாடு, அப்பளம், உடனடி நூடல்ஸ், உணவங்காடியில் சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பது. லக்சாவிலும் சார் குவே தியாவிலும் அரைவேக்காட்டில் போடும் சிப்பி வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய விப்ரியோ கிருமி சிரோசிஸ் உள்ளவரைச் சில நாளில் கொன்றுவிடும். கோப்பி குடிக்கலாம். சர்க்கரை போடாத கோப்பி ஓ கோசோங் கல்லீரலுக்கு நல்லது என்றே ஆய்வுகள் சொல்கின்றன.

கல்லீரல் ஏன் இப்படி ஆனது

இரைப்பையை எத்தனை பார்த்தாலும் கடைசியில் கல்லீரலுக்குத்தான் திரும்ப வேண்டும். இங்கே ஹெப்படைட்டிஸ் பி பெரிய காரணம். கிருமியைச் சுமக்கும் தாய்மாரின் குழந்தைகளுக்கு 1985இலும், பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் 1987இலும் சிங்கப்பூரில் தடுப்பூசி தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டில் பிறந்து வந்தவர்களும் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும். பலதுறை மருந்தகத்திலேயே கேட்கலாம். ஹெப்படைட்டிஸ் சி இருந்தால் 8 முதல் 12 வார மாத்திரையில் ஏறக்குறைய எல்லாருக்கும் கிருமி ஒழிகிறது. மது இருந்தால் மது முழுதாக நிற்க வேண்டும், குறைத்துக்கொண்டேன் என்பது போதாது. இந்தியர்களிடையே நீரிழிவோடு வரும் கொழுப்புக் கல்லீரல் சத்தமில்லாமல் சிரோசிஸ்வரை போகிறது. பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே நமக்கு எச்சரிக்கை.

காரணத்தை நிறுத்தினால் தழும்பு ஓரளவு கரையும், அழுத்தமும் இறங்கும். ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கான டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் எடுப்பவர்களிடமும், மதுவை அறவே விட்டவர்களிடமும் இப்படி நடப்பதுண்டு. அழுத்தம் இறங்கினால் இரைப்பைச் சுவரும் தெளியும். கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால் பிஎச்ஜி பெரும்பாலும் மறைந்துவிடும், சாவடியே புதிதாகிவிடுகிறது அல்லவா. சிங்கப்பூரில் அது 1990இலிருந்து நடக்கிறது. எல்லாருக்கும் பொருந்தாது, யாருக்குப் பொருந்தும் என்பதைக் கல்லீரல் நிபுணர் சீக்கிரமே கணிப்பது நல்லது, நோய் முற்றியபின் நேரம் இருக்காது.

அடுத்த சந்திப்புக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியது, ஊரிலிருந்து வந்தது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். பிஎச்ஜி லேசானதா கடுமையானதா, கேவும் இருக்கிறதா, ஹீமோகுளோபின் சென்ற தடவையைவிடக் குறைந்திருக்கிறதா, பீட்டா பிளாக்கர் தேவையா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டிய கல்லீரல் ஸ்கேன் எப்போது என்று கேளுங்கள். அறிக்கையோடு இரைப்பையின் வண்ணப் படங்கள் இருக்கும். அவற்றையும் காட்டி விளக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள். தமிழில்தான் புரியும் என்றால் பதிவு செய்யும்போதே மொழிபெயர்ப்பு உதவி கேட்டுவிடுங்கள்.